கேட்டு வாங்கிய அவஸ்தை

பம்பாயில், செம்பூரிலிருந்து மாகுலுக்கு இறங்கும் சாலையில் அந்த முதியோர் இல்லம் இருக்கிறது. காற்று திரும்புகிற பக்கத்தைப் பொறுத்து ஒரு நாள் எண்ணெய் ஆலையின் நெடி வரும். மறுநாள் உர ஆலையின் நெடி வரும். என்ன கிழமை என்று தெரியாமல் கிடப்பவர்கள்கூட இன்று எந்த நெடி என்று சொல்லிவிடுவார்கள்.

சுஜா அங்கே பார்க்கிற வேலைக்கு ‘ஸ்பிரிச்சுவல் கேர்’ என்று பெயர். கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். தாராவியில் அவள் குடியிருக்கும் சந்தில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால் அந்தப் பெயர் வாயில் வராது. "படுக்கையில கெடக்கவங்களுக்குச் சாமி கும்பிட ஒத்தாசை பண்ணுத வேல" என்பாள். கேட்டவர்கள், "அதுக்குமா சம்பளம் தாராவ?" என்பார்கள்.

இல்லத்துக்குள்ளே அவளுக்கு ஆளுக்கொரு பெயர். மாட்டுங்காவிலிருந்து வந்த பிரம்மநாயகம் பிள்ளைக்கு அவள் டீச்சரம்மா. ஜஹாங்கீர் பாய்க்கு ‘பேட்டி’, இந்தியில் மகள். பெண்கள் கூடத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ராணி மாதிரி சாய்ந்திருக்கும் சேசம்மாளுக்கு ஜெபக்காரி. "ஏட்டி ஜெபக்காரி, இன்னைக்கு யாருக்கு மோட்சத்துக்கு டிக்கெட் எடுக்கப் போற?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

சுஜாவின் அம்மா தாராவி சி.எஸ்.ஐ. சபையில் பைபிள் உமனாக இருந்தவர். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, நோயாளிகளின் தலைமாட்டில் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிற வேலை. ஒரு பக்கம் வாதத்தில் விழுந்த பிறகு அந்த அம்மாவே இந்த இல்லத்தில் ஒரு கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். அப்போது சுஜா பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறையில் இருந்தாள். வேலை முடிந்ததும் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் வண்டி ஏறி வந்து, அம்மாவின் காதருகே சங்கீதம் வாசித்துவிட்டுப் போவாள்.

பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றுபோன ஒரு முஸ்லிம் கிழவி இருந்தார். அந்த அம்மாள் அடிக்கடி கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டுவார். காற்று வேண்டும்போல என்று ஆயாக்கள் ஜன்னலைத் திறப்பார்கள். மழை அடித்தால் சாத்துவார்கள். சுஜாவும் எத்தனையோ தடவை திறந்திருக்கிறாள், சாத்தியிருக்கிறாள். அந்த அம்மாள் இறந்த அன்று ஊரிலிருந்து ஓடிவந்த மகன் முதலில் கேட்டது ஒன்றுதான். "கடைசில கிப்லா பக்கம் திருப்பிப் போட்டீங்களா?" மக்காவை நோக்கிய மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி எல்லாரும் நின்றார்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. திருப்பியிருக்கலாம்.

அம்மா காலமானதும் இல்லத்தார் சுஜாவைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிய அன்றே அவள் தனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இந்த வீட்டை விட்டுப் போகிறவர்கள், தங்கள் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் என்ன செய்து வழியனுப்புவார்களோ அதை வாங்காமல் போகக் கூடாது.

அதற்காக அவள் வெட்கப்படாமல் கேட்பாள். நீங்கள் எந்தச் சாமி என்று கேட்பதில்லை. "காலைல எந்திச்சதும் வீட்டுல முதல்ல என்ன செய்வீங்க? முடியாமப் படுத்தா யாரைக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, சரிதானா என்று இன்னொரு தரம் கேட்பாள். பிரம்மநாயகம் பிள்ளையின் நெற்றியில் முதன்முதலாகத் திருநீறு பூசியபோது பைபிள் உமன் மகள் ஒரே விரலால் அழுத்தித் தேய்த்தாள். "அழுத்தாதீங்கோ டீச்சரம்மா, மூணு வெரலும் ஒண்ணாப் போகணும். இதென்ன சுவருக்குச் சுண்ணாம்பா?" என்று அவர் சிரித்தார். மறுநாள் கோடு நேராக விழுந்தது. தண்ணீர் தொடக்கூடாத புண்ணோடு கிடந்த ஜஹாங்கீர் பாய்க்கு, மண்ணைத் தொட்டுச் சுத்தம் செய்து தொழலாம் என்று மார்க்கத்தில் வழி இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாராவியின் குயவர் தெருவான கும்பர்வாடாவுக்குப் போய்ப் பூச்சில்லாத மண்தட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாரையும் கேட்ட சுஜா, சந்தியாகுவை மட்டும் கேட்கவில்லை.

சந்தியாகு பெரியவர் உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்று, பாண்டுப்பில் வெகுகாலம் இருந்தவர். மனைவி போன பிறகு வாஷியில் மகன் சாஜனுடைய வீட்டுக்கு வந்தார். புற்று எலும்புக்குள் இறங்கி, புரண்டு படுக்க இரண்டு ஆள் வேண்டும் என்றானதும் சாஜன் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு அவன் முகத்தில் கடன்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. சேர்த்த அன்று, "நாங்க கிறிஸ்டியன்ஸ் மேடம். எங்க பாஸ்டர் வாரா வாரம் வந்து ஜெபிப்பாங்க. வேற யாரும் வேண்டாம்" என்றான்.

கிறிஸ்தவர்தானே, நம்ம ஆள்தானே என்று சுஜாவுக்கு நிம்மதி. அம்மா ஜெபித்த மாதிரியே அவர் தலைமாட்டில் நின்று ஜெபித்தாள். பெரியவர் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் ஆமென் சொன்னார். தலையணைக்குக் கீழே ஒரு ஜெபமாலை கிடப்பதைப் படுக்கை விரிப்பை மாற்றும்போது பார்த்தாள். ரோமன் கத்தோலிக்கராக இருந்து மாறிய குடும்பம்போல, பழைய ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டு, திருப்பி அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

ஆடி மழை பிடித்தபோது அவருக்கு விழுங்க முடியாமல் போயிற்று. வலிக்கு ஊசிதான். அதோடு பேச்சும் சுருங்கியது. பம்பாயில் ஐம்பது வருடம் பேசிய இந்தி முழுவதும் எங்கோ உதிர்ந்து, கடற்கரைத் தமிழ் மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது.

"அவஸ்தை... அவஸ்தை குடுங்க..."

அந்த முனகலைக் கேட்டதும் சுஜா நர்ஸ் சாயிராவைக் கூப்பிடுவாள். சாயிரா தாராவியில் பிறந்த பெண். இந்தி பாதி தமிழ் பாதி. "பஹுத் பெயின் இருக்கு அக்கா, பாவம். எக்ஸ்ட்ரா ஒண்ணு போடலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு" என்று கூடுதல் ஊசியைப் போடுவாள். பெரியவர் சுஜாவைப் பார்ப்பார். ஏதோ சொல்ல உதடு கூடும். அதற்குள் மருந்து இறங்கிக் கண் செருகிவிடும். விழித்தால் மறுபடி அதே சொல். மறுபடி ஊசி. ஒருமுறை சாயிரா ஊசியோடு வந்தபோது அவர் கையை இழுத்துக்கொண்டார். பயப்படுகிறார் என்று சுஜா அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து, நீட்டிக் காட்டினாள்.

சாஜன் தினமும் ஆபீசிலிருந்து போன் செய்வான். "இன்னைக்கும் அவஸ்தைன்னு சொன்னாரா மேடம்?" என்பான். சொன்னார் என்றால், "ப்ளீஸ், வலிக்க விட்றாதீங்க. எவ்வளவு வேணும்னாலும் ஊசி போடச் சொல்லுங்க" என்று குரல் உடைந்து வைத்துவிடுவான்.

ஒரு நாள் சுஜா வீட்டுக்கு வந்து, நனைந்த துணியைக்கூட மாற்றாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஞானசிகாமணி பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ரெக்சின் வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். வாயில் மட்டும் எப்போதும் கிண்டல்தான்.

"என்னளா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒரு பெரியவரு. நாள் முழுக்க அவஸ்தை குடுங்க, அவஸ்தை குடுங்கன்னு கேட்டுட்டே கெடக்காரு. காதுக்குள்ளயே நிக்குது."

ஞானசிகாமணி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான்: "அவஸ்தைய யாராவது கேட்டு வாங்குவாவளா? எங்க மொதலாளிகிட்ட அனுப்பி வை. கேக்காமலே குடுப்பாரு."

சுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"மொதலாளியத்தான் சொன்னேன். உன்னையச் சொல்லலியே."

அவள் அதைக் கேட்கவில்லை. அவஸ்தையாக இருக்கிறது என்பார்கள். அவஸ்தைப்படுகிறேன் என்பார்கள். வலிக்கிறவன் மருந்து கொடு என்பான், தண்ணீர் கொடு என்பான், கொன்றுவிடு என்றுகூடச் சொல்வான். அவஸ்தையைக் கொடு என்று எவன் சொல்வான்? அந்த மனுஷர் ஒரு பொருளைக் கேட்பது மாதிரியல்லவா கையை நீட்டிக் கேட்டார்?

மறுநாள் காலையில் அவள் நேராகப் பெண்கள் கூடத்துக்குப் போனாள். சேசம்மாளும் அந்தக் கடற்கரைப் பக்கத்து ஆள்தான். தினம் மாலையில் ஜெபமாலை உருட்டாமல் சாப்பாட்டைத் தொடாதவள்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும். அவஸ்தை குடுக்கதுன்னா என்ன?"

சேசம்மாளின் முகத்திலிருந்த கிண்டல் துடைத்த மாதிரி போயிற்று. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருக்குட்டீ?"

"ஆம்பளைங்க பக்கத்துல, சந்தியாகு பெரியவரு கேக்காரு."

"அவனா? ஐயோ, அவன் எங்க வேதக்காரன்லா! நீ என்னவோ உங்க சபை ஆளுன்னு சொன்ன?" சேசம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சாவக் கெடக்கவனுக்குச் சாமியாரு வந்து, செஞ்ச பாவத்த அவன் வாயால சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெத்தியிலயும் கையிலயும் எண்ணெ பூசி, நன்மை அப்பம் குடுப்பாருட்டி. அதுக்குப் பேருதான் அவஸ்தை. எங்க ஊருல சாமியாரு அவஸ்தை குடுக்கப் போவும்போது முன்னால ஒருத்தன் கைமணி அடிச்சிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டா தெருவே முட்டுப்போட்டு நிக்கும். இப்ப உள்ளவனுவ நோயில் பூசுதல்னு பேர மாத்திட்டானுவ. பழைய ஆளுக்கு அவஸ்தைதான். எத்தன நாளாக் கேக்கான்?"

சுஜா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சேசம்மாள் புரிந்துகொண்டு பிடியைத் தளர்த்தினாள். "சரி, போ. இங்க நின்னு அழுதா அவனுக்கு ஆச்சா?"

அந்தச் சடங்கு சுஜாவுக்குத் தெரியாதது இல்லை. இல்லத்தில் இருந்த கோவாக்காரர்களுக்கு ‘அனாயிண்டிங்’ வேண்டும் என்று எத்தனையோ தடவை பங்குச் சாமியாரை அழைத்து வந்திருக்கிறாள். இங்கிலீஷில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. தன்னுடைய தமிழில், தன்னுடைய வேதத்தின் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. பிரம்மநாயகம் பிள்ளையிடமும் ஜஹாங்கீர் பாயிடமும் கேட்ட கேள்வியை, நம்ம ஆள்தானே என்று இவரிடம் கேட்காமல் விட்டதுதான் அவள் செய்த பிழை. மேற்கு ஜன்னலை மறுபடியும் அவளே சாத்தியிருக்கிறாள்.

அவள் போனபோது பெரியவர் விழித்திருந்தார். சாயிரா ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சுஜா அவளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிலோரம் குனிந்தாள்.

"ஐயா, அவஸ்தை குடுக்கச் சாமியாரக் கூட்டிட்டு வரட்டுமா?"

அவர் கண்கள் அவள் முகத்தில் வந்து நின்றன. அந்தக் கண்களில் முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு தண்ணீர் வந்தது. "இப்பதான் காது கேட்டுதா, தாயி?" என்றார்.

தாமதிக்க நேரமில்லை. டாக்டர் அதிகமாகப் போனால் சில நாள் என்றிருந்தார். பாவசங்கீர்த்தனம் சொல்ல வேண்டுமானால் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். ஊசி போட்டால் தெளிவு போய்விடும். ஊசி போடாவிட்டால் எலும்பு வலி கொல்லும். செம்பூர்ச் சாமியாருக்குத் தமிழ் வராது. தாராவியில் தமிழ்ப் பூசை வைக்கும் ஃபாதரைத்தான் வரவழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சாஜன் சம்மதிக்க வேண்டும். குடும்பத்தார் வேண்டாம் என்று சொன்னவரை உள்ளே விடக் கூடாது என்பது இல்லத்தின் கட்டளை.

சுஜா போன் செய்ததும் சாஜன் ஆபீசுக்குப் போகாமல் வாஷியிலிருந்து நேராக வந்தான். வராந்தாவில் வைத்தே குரல் உயர்ந்தது.

"மேடம், நான் முதல்லயே சொன்னேன். எங்க சர்ச்சுல இதெல்லாம் கிடையாது. எண்ணெய், மாலை, அதையெல்லாம் விட்டு வந்தவங்க நாங்க. நீங்க சி.எஸ்.ஐ. தானே? நீங்களே இத நம்புறீங்களா?"

"நான் நம்புதேனா இல்லியாங்கது இங்க கேள்வியே இல்ல சார். நான் திருநீறும் பூசி விடுதேன், தொழுகைக்குக் கட்டிலும் திருப்பிப் போடுதேன். கேக்கது உங்க அப்பா."

"அவரு என்ன கேட்டாரு? வலியில ஏதோ சொல்றாரு. அவஸ்தை அவஸ்தைன்னு..."

"அது வலி இல்ல சார்." சுஜா மெதுவாகச் சொன்னாள். சேசம்மாள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கைமணியையும் சொன்னாள். "எனக்கும் நேத்து வரைக்கும் தெரியாது. அவரு சாமியாரக் கேட்டாரு. நாம தூங்க வச்சோம்."

 போனில் தான் கெஞ்சிக் கெஞ்சிப் போடச் சொன்ன ஊசிகள் சாஜன் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மாவுக்குத் தீராத நோய் ஒன்று ஜெபக் கூட்டத்தில் தீர்ந்தது. அதிலிருந்து அம்மாவும் அவனும் அந்தச் சபை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டுப் வீட்டுப் படியிறங்கி இரண்டு பேர் ஒரு பக்கம் போவார்கள். அப்பா மட்டும் தனியாக இன்னொரு பக்கம் போவார். மத்தியானம் மூன்று பேரும் ஒரே மீன்குழம்பைச் சாப்பிடுவார்கள். அப்பா ஒரு நாளும் வாதாடினதில்லை. அப்பாவுக்கும் கோயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். "அப்பா, சாமியார் வேணுமா?"

சந்தியாகு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: "உங்கம்மைக்கு உன் பாஸ்டர விட்டேம்லா மக்கா. எனக்கு எஞ்சாமிய விடு."

சாஜன் தலையை ஆட்டினான். வெளியே வந்து, "கூப்பிடுங்க மேடம்" என்றான்.

ஃபாதர் உடனே புறப்படுவதாகச் சொன்னார். டாக்டரிடம் போனில் கேட்டார்கள். நோயாளியே சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடலாம், ஆனால் ரொம்ப நேரம் தள்ள வேண்டாம் என்றார். பெரியவரைக் கேட்டபோது, "ஊசி வேண்டாம். சாமி வரட்டும்" என்றார்.

மழை அப்போதுதான் வலுத்தது. மாகுல் சாலையில் எதிர்க் கட்டடம் தெரியாத மழை. ஃபாதரிடமிருந்து போன் வந்தது. "குர்லாவுல வண்டி நின்னுட்டும்மா. தண்டவாளமெல்லாம் தண்ணி. ஆட்டோவும் ஓடல. நடந்து வாறேன். அவர முழிச்சிருக்கச் சொல்லுங்க."

பழைய ஊசியின் மருந்து இறங்க இறங்க வலி ஏறியது. முதலில் விரல்கள் விரிப்பைப் பற்றின. பிறகு கால் உதறியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழும்ப, சுஜா துடைத்துக்கொண்டே இருந்தாள். சாயிரா கையில் ஊசியோடு கதவருகே நின்றாள். வைக்கவும் மனமில்லை, போடவும் வழியில்லை. சாஜன் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். பெரியவரிடமிருந்து பல்லைக் கடித்த ஒரு சத்தம் வந்தபோது அவன் பொறுமை இழந்தான்.

"போதும்! போட்றுங்க சிஸ்டர். என்னால பாக்க முடியல. ஆண்டவருக்குத் தெரியாதா இவரு மனசு?"

சாயிரா சுஜாவைப் பார்த்தாள். சுஜா பெரியவரைப் பார்த்தாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"வேண்டாம்... இது வேற அவஸ்தை. இத நான் தாங்கிக்கிடுதேன்." அவர் கை தலையணைக்கு அடியில் தேடியது. சுஜா ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றினாள். "சொல்லு தாயி" என்றார் அவர்.

சுஜா வாயைத் திறந்தாள். அவளுக்கு அந்த ஜெபம் தெரியாது. தலைமாட்டில் எத்தனை பேருக்கு என்னென்னவோ சொன்னவளுக்கு இதன் முதல் வரிகூட வரவில்லை. சேசம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளி வரலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரத்த, பிடிபடாத குரல். மரியாளை வாழ்த்தும் அந்த ஜெபத்தைச் சாஜன் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

சின்ன வயதில் படித்ததை நாக்கு எங்கோ பத்திரமாக வைத்திருந்தது. நடுவில் ஒரு சொல் தட்டியது. அப்பா அதை எடுத்துக் கொடுத்தார். மறுபடி தொடங்கினான். கட்டிலோரம் முழங்காலிட்டு, மாலையின் மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டான். அவனுடைய சபையில் இதைக் கேட்டால் அடுத்த வாரம் மேடையில் ஏற்றி மனந்திரும்பச் சொல்வார்கள். அவன் சொல்லிக்கொண்டே போனான். பாதி ஜெபத்தை அவன் சொல்ல, மீதிப் பாதியை அப்பா உதட்டால் முடித்தார். வலி குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு மணியாகக் கடந்துபோக அதற்கு ஒரு வழி கிடைத்திருந்தது. ஜன்னலில் மழை அடித்தது. யாரும் சாத்தவில்லை.

மாலை எத்தனை சுற்று சுற்றியது என்று சுஜா எண்ணவில்லை. வராந்தாவில் சளக் சளக்கென்று செருப்புச் சத்தம் கேட்டது. ஃபாதர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். சட்டைக்குள்ளிருந்து பால் கவரில் சுற்றி ரப்பர் போட்ட சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "எண்ணெயும் நன்மையும் நனையல" என்றார் முதலில். பிறகுதான் துண்டு கேட்டார்.

பாவசங்கீர்த்தனத்துக்காக எல்லாரும் வெளியே வந்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு, இடையிடையே வலியின் இழுப்பு, மறுபடி முணுமுணுப்பு. சாஜன் சுவரைப் பார்த்து நின்றான். "அப்பாவுக்கு அப்படி என்ன பாவம் இருக்கும் மேடம்?" என்று சின்னப் பையன் மாதிரி கேட்டான். சுஜா அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கதவு திறந்தது. உள்ளே போனபோது பெரியவரின் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. ஆனால் பல்லைக் கடிக்கவில்லை. ஃபாதர் நெற்றியில் எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைந்தார். பிறகு கைகளை எடுத்தார். இரும்பைப் பற்றவைத்துப் பற்றவைத்துப் பொறி தெறித்த தழும்புகள் நிறைந்த கைகள். விரல்கள் தாமாக விரிய மறுத்தன. சாஜன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டான், ஃபாதர் பூசினார். நன்மையில் ஒரு துணுக்கை ஃபாதர் அவர் நாக்கில் வைக்க, சுஜா ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டாள். அது தொண்டையில் இறங்கும்வரை அறையில் யாரும் அசையவில்லை. இறங்கியது. பெரியவர் ஆமென் என்றார். தன்னுடைய ஜெபத்துக்கு அவர் சொன்ன ஆமெனுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் சுஜாவுக்குக் கேட்டது.

சந்தியாகு கதவருகே நின்ற சாயிராவைத் தேடிப் பார்த்தார். "இப்பக் குத்து, தாயி" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் சில நாள் இருந்தார். சேசம்மாளுக்கு அது பெரிய ஆச்சரியம். "என்னட்டி, அவஸ்தை வாங்கியும் கெளம்பாமக் கெடக்கான்? வண்டி குர்லாவுல நிக்கா?" என்று தினம் விசாரிப்பாள், விசாரித்துவிட்டு அவருக்காக ஜெபமாலையில் பத்து மணி உருட்டுவாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல் அவர் வாயில் மறுபடி வரவே இல்லை. வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம், சாஜன் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு அடங்கியது.

சாமான்களை எடுக்க வந்த சாஜனிடம் சுஜா இரண்டு வேட்டி, கண்ணாடி, ஜெபமாலை ஆகியவற்றைக் கொடுத்தாள். மாலையைச் சட்டைப் பையில் போட்டான். வாசல்வரை போனவன் நின்று, அதை எடுத்து, லேப்டாப் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தான். "வீட்டுல பாத்தா கேள்வி வரும் மேடம்" என்றான். பிறகு, "கொஞ்ச நாள் போகட்டும்" என்றான்.

அன்று சாயங்காலம் சுஜா பெண்கள் கூடத்துக்கு வந்து, சேசம்மாளின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடம் பழகியும் சேசம்மாளிடம்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது.

"ஆத்தா, உங்களுக்கு முடியாமப் போனா நான் யார யாரக் கூப்பிடணும்? என்னென்ன செய்யணும்? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

சேசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல இதக் கேட்டுக்கோ. நான் அவஸ்தைன்னு சொன்னா, ஊசியத் தூக்கிட்டு ஓடி வந்துராத."